மூலை மனையும் நடைவழியும்

அண்ணா, அம்மாவின் வலது கை இன்னும் மாவுக்கட்டில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். பாதியில் அம்மா மனம் மாறி ‘அதை அடித்துவிடு’ என்றாலும் அடிக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அம்மாவும் சரி என்றிருக்கிறார்கள். அம்மா பேசுவதை எழுத்து நடைக்கு மாற்றிக்கொள்கிறேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே விட்டுவிடுகிறேன். இனிமேல் ‘நான்’ என்று வரும் இடமெல்லாம் அம்மா. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அடைப்புக்குறிக்குள் சொல்வேன்.

அன்புள்ள மகனுக்கு,

நீ பூந்தமல்லியில், ஒரே பஸ்ஸில் வந்து சேரும் தூரத்தில்தான் இருக்கிறாய். நேரில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நேரில் சொன்னால் சிரிப்பாய். ‘அம்மா, இதெல்லாம் ஒனக்குப் புரியாது’ என்று தோளில் தட்டுவாய். நானும் புரியாதவளாகவே அடுப்படிக்குள் போய்விடுவேன். அதனால் விஷயத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். திருநின்றவூர் மனைப்பிரிவில், ஸ்டேஷனுக்கு நடந்து போகும் வழியை அடைத்து அந்த இடத்தில் நமக்கென்று ஒரு மூலை மனை வரைந்திருக்கிறாய் அல்லவா, அந்த வழியைத் திரும்பத் திறந்துவிடு. மனை போனால் போகட்டும். நாளை மறுநாள் வரைபடம் உன் முதலாளியின் கையெழுத்தோடு அனுமதிக்குப் போகிறது என்றாய். போய்விட்டால் பிறகு ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது என்றும் நீதான் சொன்னாய். அதனால்தான் இந்த அவசரம். பக்கத்து வீட்டுச் சரோஜாவின் வீட்டுக்காரர் நாளைக் காலையில் திருமழிசைக்கு வேலைக்குப் போகிறவர், வழியில் இறங்கி இதை உன் கையில் கொடுப்பார்.

போகட்டும் என்று சொல்லிவிட்டேனே தவிர, சொன்ன வாய் உலர்ந்துபோய் இருக்கிறது. அப்பாவுக்கு இந்த வருஷத்தோடு தொழிற்சாலை வேலை முடிகிறது. முடிந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். திருநெல்வேலியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய நாளிலிருந்து நமக்கு வேறு வீடு கிடையாது. உன் தங்கை ஒன்பதாவது படிக்கிறாள். மூலை மனை கிடைத்துவிட்டது என்று நீ வந்து சொன்ன அன்று அப்பா சாப்பிட்டு முடித்ததும் தரையில் தண்ணீரைத் தொட்டு ஒரு சதுரம் வரைந்து, கிணறு எங்கே, வாசல் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சதுரம் காயும்வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதை வேண்டாம் என்று சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன். இதை எப்படிச் சொல்வது என்று யோசித்ததில் நாலு நாளாகத் தூக்கம் சரியில்லை.

தெருவைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீ கேட்கலாம். தெருவில் நடந்திருக்கிறேன், அவ்வளவுதான் தெரியும். நீ பள்ளிக்கூடத்தில் சேராத வயது. அப்போதெல்லாம் இந்தக் குடியிருப்பில் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் பெண்களுக்கு ஒரு வேலை உண்டு, இன்றும் உண்டு. சங்கின் சத்தம் அடங்குவதற்குள் தெருவில் விளையாடுகிற பிள்ளைகளில் கைக்கு எட்டியவர்களை, சொந்தப் பிள்ளையோ அடுத்த வீட்டுப் பிள்ளையோ, வாசலுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். கேட் திறந்ததும் ஷிப்ட் முடிந்த சைக்கிள்கள் தெருவை அடைத்துக்கொண்டு வரும். ஒருநாள் ரேஷன் கடையிலிருந்து வருகிறேன், ஒரு கையில் மண்ணெண்ணெய்க் கேன், மறு கையில் நீ. சங்கு ஊதிற்று. கேனைக் கை மாற்றுவதற்காக உன்னை விட்டேன். நீ நடுத்தெருவுக்கு ஓடிப் போய் நின்றுகொண்டாய். அத்தனை சைக்கிளும் உனக்கு நேராக வந்தன.  ஆனால் சைக்கிள்கள் உன்னைச் சுற்றி இரண்டு பக்கமும் பிரிந்து போயின. மணி அடித்தார்கள், திட்டினார்கள், சிரித்தார்கள். ஒருவர் காலை ஊன்றி நின்று உன்னைத் தூக்கிக் கம்பியில் உட்காரவைத்தார். “யாரு பெத்த புள்ள இது? டிராபிக் போலீசு மாதிரி நட்ட நடுவுல நின்னுகினு கீது” என்று கேட்டுக்கொண்டே கொண்டுவந்து என்னிடம் இறக்கிவிட்டார். நீ அழவில்லை. இன்னொரு ரவுண்டு போகலாமா என்று அவரைக் கேட்டாய்.

அதைப் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர்கள் உன்னைத் தவிர்த்துப் போனதற்குக் காரணம், உன் முகம் கண்ணில் படுகிற வேகத்தில் அவர்கள் வந்துகொண்டிருந்ததுதான். மெயின் ரோட்டில் போகிற லாரிக்காரர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும். ஆனால் அந்த உயரத்திலிருந்து, அந்த வேகத்தில், ஓரமாக நடக்கிறவளின் முகம் அவருக்குத் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், நடக்கிறவர்களை மெயின் ரோட்டுப் பக்கம் தள்ளிவிடாதே. வேறு வழி இல்லாத இடத்தில் நடக்கட்டும். இருக்கிற வழியைப் பிடுங்கிக்கொண்டு அங்கே அனுப்பாதே.

இன்னொன்று உனக்கே நினைவிருக்கும். உன் தங்கை வயிற்றில் இருந்தபோது ஆஸ்பத்திரிக்கு நடந்தே போவேன், நீ எனக்குக் குடை பிடித்துக்கொண்டு வருவாய். குடை உன் உயரத்துக்குத்தான் நிழல் தரும். என் தலை வெயிலில்தான் இருக்கும். ஆனாலும் உன்னிடம் அதைச் சொன்னதில்லை. ஒருநாள் தலை சுற்றியது. வழி நெடுக உட்கார ஒரு இடம் இல்லை. ஒரு டீக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, “யம்மா, வாசப்படில குந்திகினா எப்டி? வர்றவன் எங்க கால வைப்பான்?” என்றார். நீ குடையை மடக்காமலே அவரைப் பார்த்து, “அப்ப அம்மா எங்க உக்காரணும்?” என்று கேட்டாய். அவர் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “கேக்கறான் பாரு கேள்வி, வக்கீலு” என்றார். ஐயா, நீ வக்கீலாகவில்லை, தெரு வரைகிற வேலைக்குப் போயிருக்கிறாய். பாலிடெக்னிக்கில் சிவில் எடுத்திருக்கிறேன் என்று நீ வந்து சொன்னபோது எனக்கு அந்த டீக்கடைப் படிதான் நினைவுக்கு வந்தது. உன்னிடம் சொல்லவில்லை. உட்கார ஒரு இடம், நிழலுக்கு ஒரு மரம், இருட்டினால் ஒரு விளக்கு, கால் தடுக்காத தரை, இவற்றையெல்லாம் நீ எங்கேயாவது போடுவாய் என்று நினைத்துக்கொண்டேன்.

(அண்ணா, அம்மா இங்கே நிறுத்தி மாவுக்கட்டைத் தடவிக்கொண்டார்கள். கை வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டேன்.)

நீ மொபெட் வாங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான். பூந்தமல்லிக்கும் திருநின்றவூருக்கும் ஸைட்டுக்கும் அலைகிறவனுக்கு அது வேண்டும். ஆனால் அதை வாங்கிய நாளிலிருந்து நீ இந்த வாசலிலிருந்து மூலைக்கடைக்குக்கூட நடந்து போனதில்லை. அப்பாவும் அப்படித்தான். இந்தக் குடியிருப்பில் ஆண்களுக்கெல்லாம் சைக்கிள் காலோடு ஒட்டிப் பிறந்தது. நடக்கிறவர்கள் பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும்தான். தெருவை யார் வரைகிறார்கள், யார் அளக்கிறார்கள், யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்தால், அவர்களில் நடக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீயும் அந்தப் பக்கம் போய்விட்டாயோ என்று பயமாக இருக்கிறது.

மனையைப் பார்க்க நானும் அப்பாவும் போன கதையை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. ஸ்டேஷனில் இறங்கி, அப்பா வழி கேட்டுக்கொண்டே போனார். நீ சொன்ன இடத்தில் நான்கு கற்கள் நட்டிருந்தார்கள். அப்பா ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்குக் காலால் அளந்துகொண்டிருந்தார். நான் நடுவில் நின்றேன். நான் நின்ற இடத்தில் புல் இல்லை. தரை வழுவழுவென்று தேய்ந்து, ஒற்றையடியை விட அகலமாக, ஏரிப் பக்கத்திலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் போயிற்று. அது பாதை என்று எனக்கு முதலில் தோன்றவே இல்லை. நம் மனை சமதளமாக இருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். நாங்கள் நின்ற நேரத்தில் எத்தனையோ பேர் அந்தக் கற்களுக்கு நடுவே நடந்து போனார்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறவர்கள், சீருடை போட்ட இரண்டு பெண்பிள்ளைகள், குச்சி ஊன்றிய ஒரு பெரியவர். பூக்கூடையோடு ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள் மட்டும் நின்று என்னைப் பார்த்தாள்.

“இன்னாம்மா, அளந்துகினு கீறீங்க. ஊடு கட்டப் போறீங்களா?”

“ஆமா, எங்களுக்குக் கொடுத்திருக்காங்க.”

“கட்டுங்க, கட்டுங்க. வழிய உட்ருவீங்க இல்ல? இத்த அடச்சிட்டா நாங்க ரோட்டுமேல சுத்திகினு வரணும். லாரி வர்ற வரத்து பாத்திருக்கீங்களா?”

“அதெல்லாம் விடுவாங்க. எம் மவன்தான் பிளான் போடுதான்” என்றேன்.

பெருமையாகச் சொன்னேன். அவளும், “அப்ப சரி, உங்க புள்ளனா கவல இல்ல” என்று கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு போனாள். போகும்போது எனக்கு ஒரு துண்டுப் பூ கொடுத்துவிட்டுப் போனாள். நம் சபையில் பூ வைப்பதில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தேன்.

அதற்குப் பிறகுதான் நான் விழுந்தது. விழுந்ததை உன்னிடம் சும்மா கால் தடுக்கியது என்றுதான் சொல்லச் சொன்னேன். ஆவடி மார்க்கெட்டிலிருந்து மெயின் ரோட்டு ஓரமாகத்தான் வந்துகொண்டிருந்தேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. ஒதுங்கினேன். ஒதுங்குகிற இடத்தில் கால்வாய் மூடி. அதில் கால் வைத்ததும் பாதி மூடி உள்ளே போய்விட்டது, நானும் போய்விட்டேன். வாழைப்பழம் விற்கிற அம்மாள்தான் ஓடிவந்து என்னை இழுத்தாள். “ஏம்மா, கண்ண இன்னா ஊட்ல வெச்சிட்டு வந்துட்டியா?” என்று திட்டினாள். திட்டிக்கொண்டே தன் முந்தானையால் என் முகத்திலிருந்த சேற்றைத் துடைத்தாள். “உன்னிய சொல்லி இன்னா, போன வாரம் ஒர்த்தி, இந்த வாரம் நீ. இங்க கடை வெச்சதுக்கு நான் பழம் விக்கறேனோ இல்லியோ, ஆள தூக்கிகினே கீறேன்” என்றாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதுதான் கை உடைந்திருப்பது தெரிந்தது.

ஐயா, அன்றிலிருந்து ஒன்று நடக்கிறது. பின்னால் ஹாரன் கேட்டால் என் கால் நின்றுவிடுகிறது. ஒதுங்கவும் மாட்டேன் என்கிறது, முன்னால் போகவும் மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும்போது உன் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போகிறேன். அவள் பள்ளிக்கூடத்துக்கு இதே ரோட்டைக் கடந்துதான் போகிறாள். அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும்வரை எனக்கு எந்த வேலையும் ஓடுவதில்லை.

(இதை அம்மா இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.)

இந்த நிலையில்தான் போன வாரம் நீ வரைபடத்தின் பிரதியைக் கொடுத்தனுப்பினாய். நான்தான் கேட்டிருந்தேன், பக்கத்து வீடுகளில் காட்டலாம் என்று. கூடவே நீ எழுதிய துண்டில் எல்லாவற்றையும் ஒளிக்காமல்தான் எழுதியிருந்தாய். ‘ஸ்டேஷனுக்குப் போகும் பத்தடி நடைவழி ஒன்று இருந்தது, ஓரத்தில் மிஞ்சிய துண்டு நிலத்தோடு அதைச் சேர்த்ததில் ஒரு முழு மனை கிடைத்துவிட்டது, முதலாளி சந்தோஷப்பட்டு அதைச் சலுகையில் நமக்கே தருகிறார், நடக்கிறவர்கள் மெயின் ரோடு வழியாக வரலாம், கொஞ்சம்தான் சுற்று.’ உன் தங்கை அதைப் படித்தபோது நான் இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எனக்கு உடனே புரியவில்லை. வழி என்றால் எந்த வழி என்று அவளைக் கேட்டேன். அவள் காகிதத்தில் விரல் வைத்துக் காட்டினாள். காகிதத்தில் எனக்கு என்ன தெரியும், எல்லாம் கோடுதான். எனக்குப் பெரிதாகக் காட்டு என்றேன்.

அவள் காட்டிவிட்டாள். பள்ளியில் ஸ்போர்ட்ஸ் டேவுக்குக் கோடு போட்டதில் மிஞ்சிய சுண்ணாம்புத் தூளை விளையாட்டு டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்து, நம் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில், நேற்றுச் சாயங்காலம், அந்த மூலையை அப்படியே நிஜ அளவில் வரைந்துவிட்டாள். இது நம் மனை, இது தெரு, இது மெயின் ரோடு. ரோட்டின் தாருக்கும் கால்வாய்க்கும் நடுவே வரைபடத்தில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதே அகலத்தில் ஓரத்தையும் வரைந்தாள். குட்டிச் சுவர் ஒன்று ஸ்டேஷன். பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சரோஜா துணி எடுக்க வந்தவள் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

“இன்னாக்கா இது, கையில கட்ட போட்டுகினு ரோடு போட்டுகினு கீற? டெண்டர் எட்த்துட்டியா?”

“எங்க புது வீட்டுக்கு வழி பாக்கேன், சரோஜா.”

“ஊடு எங்க கீது?”

“நீ நிக்கிற எடந்தான். எங்க அடுப்புமேல நிக்கிற.”

“ஐயையோ, பால் பொங்கிடப் போவுது” என்று ஒரு எட்டு தள்ளி நின்றாள். எல்லோரும் சிரித்தோம்.

முதலில் அடைக்காத வழியில் நடந்து பார்த்தேன். மனை இருக்கும் இடத்தின் வழியாக நேராகப் போனால் பேசிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். பிறகு நீ எழுதிய சுற்று வழியில் நடந்தேன். பிள்ளைகளுக்கு விளையாட்டுதானே, ஒருவன் நான்தான் பஸ் என்றான், ஒருத்தி நான் லாரி என்றாள். வாயால் இஞ்சின் சத்தம் போட்டுக்கொண்டு எதிரும் புதிருமாக வந்தார்கள். நான் சிரித்துக்கொண்டேதான் அந்த ஓரத்தில் நடந்தேன். லாரி என் முதுகுப் பக்கம் வந்து ஹாரன் அடித்தது. எட்டு வயதுப் பெண்பிள்ளை, வாயால்தான் அடித்தாள். என் கால் நின்றுவிட்டது.  அவள் மறுபடியும் அடித்தாள். என்னால் அந்தச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஒரு அடி வைக்க முடியவில்லை. உன் தங்கை ஓடிவந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். லாரியாக வந்த பிள்ளை பயந்துபோய், “ஆன்ட்டி, நான் சும்மாதான் ஆன்ட்டி” என்றது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. சரோஜாதான் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். “ஒண்ணு சொல்றேன்க்கா, தப்பா நெனச்சிக்காத. ஸ்டேஷனு கண்ணு முன்னால தெரியுது, போறதுக்கு ஊர சுத்தணும்னா, பின் வரிசைல கீற மனைய எவன் வாங்குவான்? நானே வாங்க மாட்டேன்.”

இதை உன் முதலாளியிடம் சொல்லிப் பார். பயந்துகொண்டு சொல்லாதே, சண்டையாகவும் சொல்லாதே. வழி இருந்தால் பின் வரிசை மனைகள் விலை போகும், ஒரு மனையைப் பிடித்துக்கொண்டு ஒரு வரிசையைக் கெடுக்க வேண்டாம் என்று வியாபாரமாகவே சொல். வண்டிகள் நுழையாதபடி இரண்டு முனையிலும் கல் நடலாம் என்று சொல். அவர் கேட்கலாம். கேட்காமல், நீ யார் எனக்குச் சொல்ல என்று உன்னை அனுப்பியும் விடலாம். அந்தப் பயமும் எனக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலை கிடைக்காமல் நீ வீட்டில் இருந்த மாதங்களில் உன் முகம் எப்படி இருந்தது என்று நான் மறக்கவில்லை. தாய் மகனுக்கு எழுதுகிற கடிதத்தில் இப்படிச் செய் என்று தைரியமாக எழுத வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் வழியை விடுவோம் என்று ஒருத்தியிடம் உன் பேரைச் சொல்லித்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்த இடத்தில் வீடு கட்டி வாசல் தெளித்தால், தினமும் காலையில் அவள் கூடையோடு ரோட்டைச் சுற்றிப் போவதை நான் பார்க்க வேண்டியிருக்கும். ஒருநாள் அவள் வராமல் போனால், ஏன் வரவில்லை என்று நான் யாரைக் கேட்பேன்?

அப்பாவிடம் நேற்றே சொன்னேன். ஷிப்ட் முடிந்து மைதானம் வழியாக வந்தவர் கோடுகளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். உன் தங்கையிடம், “ஏட்டி, ஸ்போர்ட்ஸ்தான் முடிஞ்சு போச்சே, இப்பம் யாருக்கு ஓட்டப்பந்தயம்?” என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

“கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? ஊர்க்காரன் நடக்கதுக்கு நம்ம மனைய விட்டுட்டு நாம எங்க போயிக் கெடக்க?”

“அது மனையில்ல, வழி.”

“எல்லா மனையும் ஒரு காலத்துல வழிதான். வயக்காடுதான். பத்தடி. சைக்கிள்ல போனா சுத்துறதே தெரியாது.”

“எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா? நான் எப்படிப் போவேன்?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “அவனுக்கு வேல போனா நீ சோறு போடுவியா?” என்று மட்டும் கேட்டார்.  அவரைக் கோபித்துக்கொள்ளாதே. வேலை முடிகிற வருஷத்தில் ஒரு மனிதனுக்கு இருக்கிற பயம் என்னுடைய பயத்தைவிடப் பெரியது. மனை இல்லாமல் போனால் வாடகை வீடு தேடிக்கொண்டு கொரட்டூர், அம்பத்தூர் என்று அவர் அலைய வேண்டும். இந்த வயதில் வீட்டுக்காரர்களிடம் நின்று பேசுவது அவருக்கு வராது.

இன்று சாயங்காலம் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று சொல்லவில்லை. உன் தங்கை பார்த்திருக்கிறாள்.

(ஆமாம் அண்ணா, நான் தண்ணீர்க் குழாயடியில் இருந்து பார்த்தேன். அப்பா மைதானத்துக்குத்தான் போனார்கள். முதலில் சைக்கிளில் ஏறியே சுற்று வழியில் போனார்கள். பிறகு இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டோரக் கோட்டுக்குள் நடந்தார்கள். அப்பாவும் சைக்கிளும் சேர்ந்து அந்த ஓரத்தில் பிடிக்கவில்லை. சைக்கிள் ரோட்டுக் கோட்டைத் தாண்டிப் போயிற்று. சைக்கிளை உள்ளே இழுத்தால் அப்பாவின் கால் கால்வாய்க் கோட்டில் இருந்தது. அப்பா இரண்டு முறை அப்படி நடந்து பார்த்துவிட்டு, ஸ்டாண்டு போட்டார்கள். முழங்காலைத் தடவிக்கொண்டார்கள். எனக்குப் போய்ப் பேசலாமா என்று இருந்தது, போகவில்லை.)

  இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததிலிருந்து அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கேட்கட்டும் என்றுதான் நானும் சத்தமாகச் சொல்கிறேன். ஐயா, நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். நீ என்ன செய்தாலும் நீ என் மகன்தான். அதை ஒரு வழிக்காகவும் மனைக்காகவும் மாற்ற மாட்டேன். ஆனால் காகிதம் அனுமதிக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை, ஒரே ஒருமுறை, மொபெட்டை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு, அந்தச் சுற்று வழியை நீயே நடந்து பார். சாயங்காலம், ரயில் வந்து நிற்கிற நேரத்தில். கையில் ஏதாவது சுமையோடு நட. அதற்குப் பிறகும் கொஞ்சம்தான் சுற்று என்று உனக்குத் தோன்றினால், நான் பேசாமல் அந்த வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா.

(அண்ணா, கடிதம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பேனா மூடியைப் போட்டேன். அப்போது அப்பா சுவரைப் பார்த்தபடியே, “ஏட்டி, மூடிட்டியா?” என்றார்கள். இல்லை என்றேன். “நான் சொல்லுததையும் எழுது” என்றார்கள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அந்த வழிய வழியாவே விடச் சொல்லு. மொதலாளிகிட்ட தன்மையாப் பேசச் சொல்லு. பேசிட்டு, கடேசி வரிசைல ஏரிப் பக்கமா மனை எதுவும் மிச்சம் கெடக்கான்னு கேக்கச் சொல்லு. சலுகை இல்லாட்டாலும் கேக்கச் சொல்லு. தூரமா இருந்தா என்ன, வழி இருந்தா நடந்துக்கிடலாம்.”

அம்மா அப்பாவின் போர்வையை இடது கையால் இழுத்துக் கால்வரை விட்டார்கள். பிறகு மூன்று பேரும் ஜெபம் செய்தோம். அப்பாவுக்கு நாளைக்குக் காலை ஷிப்ட். நான் உறையை ஒட்டுவதற்கு முன்பே அப்பா விளக்கை அணைக்க எழுந்துவிட்டார்கள்.)